பிளேடு பட்ட இடம்

வைண்டிங் கடை ஷட்டரை மதியமே பாதிக்கு இறக்கிவிட்டிருந்தார் இன்னாசிமுத்து. போத்தனூரில் ரயில்வே காலனியைத் தாண்டி மூன்றாவது சந்து. முன்னால் கடை, பின்னால் வீடு. சனிக்கிழமையில் அந்த ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தால், காயில் கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தூண்டில எடுத்துட்டாரு, இனி திங்கக்கெழமதான்" என்று திரும்பிப் போவார்கள். போன வருஷம் பிப்ரவரியோடு அது நின்றுபோனது. பதினாறு மாதம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடியும் இறங்கியிருக்கிறது.

ஜூன் மாதச் சாரல் பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. டியூசன் விட்டு வந்த ஃபெமினா சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. ரீல் கழற்றிக் கழுவுகிற வாசம். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

மோட்டார் வைக்கிற மேசையில் பழைய துணி விரித்து நான்கு தூண்டில் கோல்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் அப்பா. மூன்று பழையவை, வெள்ளையும் பழுப்புமாக. நான்காவது கறுப்பு. மெல்லிசாக, பளபளவென்று, பேனாவைப் போல எடையே இல்லாமல் இருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நாளில் ஆளுக்கொன்றாக வாங்கியது. சித்தப்பாவுடையது கிணத்துக்கடவு தாண்டி ஒரு குட்டைக்குள் பாசியோடு பாசியாகப் போனது. சித்தப்பாவும் அதே குட்டையில்தான் போனார்.

"வா கண்ணு. அந்தக் காது கொடையற பஞ்சுக் குச்சிய எடு. வளையத்தப் பாத்துரு. எனக்குக் கண்ணு செரியாத் தெரிய மாட்டேங்குது."

கோலின் மேல் நைலான் நரம்பு ஓடுகிற சின்னச் சின்ன வளையங்களைப் பார்ப்பது எப்போதும் ஃபெமினா வேலை. பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் நூல் பிரிந்து சிக்கிக்கொள்ளும். அந்தக் கீறல்தான் நைலான் நரம்பை அறுத்துவிடும். முன்னெல்லாம் அவளும் பிரான்சிஸ் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து இதைச் செய்வார்கள். அவர் பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். வரும்போதே உடைந்த ரஸ்க் ஒரு பை கொண்டுவருவார். கோலை வளைத்துக் காதில் வைத்து, "இது முனகுது அம்மிணி, வயித்து வலி போல இருக்குது" என்பார். அவர் உட்காரும் மர ஸ்டூல் மேசைக்கு அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது. கடைக்கு வருகிறவர்கள்கூட என்னவோ அதில் உட்காருவதில்லை.

ஃபெமினா பழைய கோல்களை முதலில் எடுத்தாள். கறுப்பைத் தொடவில்லை.

"கூட ஆருங்ப்பா வர்றாங்க?"

"நம்ம கூட்டாளி ரூபன் மட்டுந்தான். காலைல நாலு மணிக்கு வண்டியெடுத்துட்டு வாரேன்னான். ஆனமலைக்குப் பக்கத்துல, வாய்க்கா ஓரமா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரூபனுக்கு என்ன, கூப்ட்டுட்டுப் போயிருவான். திலும்பக் கூட்டிட்டு வர்றதுதான பாடு."

"ஏ இருதயம், ஆரம்பிச்சுப்போடாத."

"நா எங்கீங்க ஆரம்பிக்கறேன்? மாவு பெசஞ்சுட்டுத்தான இருக்கறேன். இதுல ஏலக்கா போடறதா வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"போடு. பிரான்சிசு எச்சாத்தான் போடுவான்."

மைதாவும் கடலைப் பிண்ணாக்கும் வெல்லமும் பாத்திரத்தில் அடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கட்லா மீனுக்கான இரை அது. அதே வாசம் அடிக்குமென்று, ஒன்றரை வருஷமாக ஃபெமினாவால் பரோட்டா மாவு பிசைகிற கடைப் பக்கம் போக முடிந்ததில்லை.

இன்னாசிமுத்து ரீலின் மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை பிரஷ்ஷால் வழித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். கைப்பிடியைச் சுற்றினார். கிட் கிட் கிட் கிட். ஃபெமினா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தச் சத்தம் ராத்திரியில் அவளுக்குக் கேட்கிறது. படுத்த கொஞ்ச நேரத்தில், கடைப் பக்கமிருந்து, யாரோ நிதானமாக நரம்பைச் சுற்றி இழுக்கிற மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தால் ஸ்டூல் கிடக்கும், மேசை கிடக்கும். ஒரு தடவை ஸ்டூல் கொஞ்சம் நகர்ந்திருந்தது போலத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "பல்லியா இருக்கும். செபமால சொல்லிப்போட்டுப் படு" என்றாள்.

"வருசப் பூச முடிஞ்சு நாலு மாசமாச்சு," என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. "எத்தன நாளைக்கு அப்புடியே கட்டி வெச்சிருக்கறது? தண்ணிக்கிட்டப் போயி நின்னா அவன் பக்கத்துல நிக்கறாப்புல இருக்கும். வேற எங்க போயி நா அவனப் பாக்கறது, சொல்லு? கல்லறைல போயி நின்னா ஒன்னுமே தோண மாட்டேங்குது."

"அங்க... வாய்க்கா மேல கரண்டு லைன் போகுதுங்களாப்பா?"

"போகுது. அதுதான் தோது. லைனுக்குக் கீழ மரத்தையெல்லாம் வெட்டி உட்டிருப்பானுக. கெளைல சிக்காம வீசலாம். உங்க சித்தப்பன் கண்டுபுடிச்ச வித்த அது. எங்க போனாலும் லைன் கம்பியப் பாத்துட்டுத்தான் எடம் புடிப்பான்."

ஃபெமினாவின் கையில் பஞ்சுக் குச்சி ஒடிந்தது.

"மெதுவா கண்ணு."

"அந்த லைன்மேன் ஒருத்தரு சொன்னாருங்கல்ல? சித்தப்பா தூண்டிலு மேல கம்பில பட்டிருக்கும்னு."

இன்னாசிமுத்து பிரஷ்ஷைக் கீழே வைத்தார். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் முகம் இறுகிவிடும்.

"அவன் சொல்லுவான். அந்தக் குட்டையோரத் தோட்டக்காரி கருப்பாத்தாளுக்கு வேண்டப்பட்டவனா இருக்கும். இருவத்தாறு வருசமா கரண்டோட குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா? இந்தக் கோலு என்ன இரும்பா, கம்பியா? பைபரு. காயிலுக்கு நடுவுல கரண்டு தாண்டக் கூடாதுன்னு நாம எதச் சொருகறோம்? பைபரத்தான? அப்பவும் அவன் சொல்லிப்போட்டானேன்னு ஊட்டுக்கு வந்து இந்தக் கோல எடுத்து, இந்த மேசைலதான், மீட்டரு வெச்சுப் பாத்தேன். இந்தக் கடைசில ஒரு ஒயரு, அந்தக் கடைசில ஒரு ஒயரு. கரண்டு பாஞ்சா மீட்டரு கத்தோணும், கத்தவே இல்ல. மூணு தடவ வெச்சேன். அப்பறந்தான் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தேன். அந்தப் பொம்பள மோட்டாரு ஒயரு தண்ணிக்குள்ள கெடந்துச்சு. ஒட்டுப் போட்ட ஒயரு, டேப்பு பிஞ்சு. என்ற கண்ணால பாத்தேன்."

"அவங்க கேசு என்னாச்சுங்ப்பா?"

"நடக்குது. அவ மோட்டாரு லைனப் புடுங்கிட்டாங்க. தென்னம்புள்ள பூராம் காஞ்சுபோச்சாம். காயட்டும். என்ற தம்பி காஞ்சு கெடக்கறானே."

ஃபெமினா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சொன்னதில் எல்லாமே உண்மை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம், அந்தச் சனிக்கிழமை, புதுக் கோல் இரண்டையும் அவள்தான் துடைத்தாள். கைப்பிடிக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மின்னல் படம், பொடி எழுத்தில் ஆங்கிலம். சில வாரப் புழக்கத்தில் ஓரம் பிய்ந்து அழுக்கேறி இருந்தது. கம்பெனி முத்திரை என்று நினைத்தாள். "இது அசிங்கமா இருக்குதுங் சித்தப்பா," என்றதற்கு, "சொரண்டிப்போடு அம்மிணி, நம்ம அந்தோணியார ஒட்டிரு. மீனுக்கே பிரசங்கம் வெச்சவரு, பாத்துக்குவாரு," என்றார் அவர். அப்பா எனாமல் சுரண்டுகிற பிளேடை எடுத்துச் சுரண்டினாள். பசை சுலபத்தில் வரவில்லை. அழுத்தியதில் கறுப்புப் பூச்சும் சேர்ந்து உரிந்தது. அந்த இடத்தை மறைத்து, பெரிய படமாக, பூவும் பாலனும் ஏந்திய அந்தோணியாரை இரண்டிலும் ஒட்டினாள். மறுநாள் சாயந்திரம் பிரான்சிஸை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

அந்த ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அறிவியல் தாளில் இரண்டு மார்க் கேள்வி: கிராஃபைட் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது? பதில் மனப்பாடமாகத் தெரியும். எழுதத் தொடங்கியபோதுதான் பென்சில் முனை, கார்பன், கறுப்புக் கோல் எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. கேள்வியை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மா போனில் அந்தக் கோலைத் தேடினாள். அதே மஞ்சள் ஸ்டிக்கரைப் பெரிதாகப் படம் போட்டிருந்தது. இந்தக் கோல் கார்பனால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தும், மேலே செல்லும் மின்கம்பிகளுக்கு அருகில் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற ஆங்கிலம்.

அன்றிலிருந்து அவள் நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டிவிடுகிறாள். இல்லாவிட்டால் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது.

சாயந்திரப் பூசைக்கு மூன்று பேரும் போனார்கள். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு நான்கைந்து பேர் நின்றார்கள். ஃபெமினாவும் நின்றாள். போன தவசு காலத்திலும் இப்படி நின்று, முறை வந்ததும், "அம்மாகிட்டப் பொய் சொன்னேன் சாமி, செபம் செய்ய மறந்தேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். இன்றைக்கும் மண்டியிட்டாள். கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். "ம், சொல்லும்மா." வாயைத் திறந்தாள். "அம்மாகிட்டக் கோவிச்சுக்கிட்டேன் சாமி." எழுந்து வந்துவிட்டாள். சாமியாரிடம் சொல்லி ஆகப்போவது என்ன? நாளைக் காலையில் கறுப்புக் கோலைத் தூக்கிக்கொண்டு கம்பிக்குக் கீழே போய் நிற்கப்போவது சாமியார் இல்லையே.

சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒதுக்கினாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடுலியே. என்னடி கொழம்பு புடிக்கலியா?"

"பசிக்கலீங்மா."

"அப்பன் போறாருன்னு பயமா? எனக்குந்தான் இருக்குது. சொன்னாக் கேக்கற ஆளா? உங்க சித்தி அன்புக்கரசி பெருந்துறைல இருந்து போனப் போட்டு அழுகறா, மாமா போக வேண்டாம்னு சொல்லுங்கக்கான்னு. அவகிட்டயும், ஒன்னுமாகாதுன்னு போனப் புடுங்கி வெச்சுப்போட்டாரு."

பத்தரைக்கு அம்மா படுத்துவிட்டாள். கடையில் விளக்கு எரிந்தது. அப்பா கோல்களின் பூட்டுவாயில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெழுகு தேய்த்தால்தான் இரண்டு துண்டும் கழற்றும்போது மல்லுக்கட்டாது. மூன்றையும் உறைக்குள் போட்டாயிற்று. கறுப்பு மட்டும் துணியில் கிடந்தது. ஃபெமினா நிலைப்படியில் நின்றாள்.

"தூங்குலியா கண்ணு? வளையம் இது ஒன்னு பாக்கி வெச்சுட்டியே."

"அப்பா, அதக் கொண்டுபோகாதீங்."

"ஏன்? அதுதான் நல்ல கோலு."

"கொண்டுபோகாதீங்ப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு? கனாக் கண்டியா?"

"மீட்டர எடுங்ப்பா."

"என்னத்துக்கு?"

"எடுங்ப்பா. நீங்க டெஸ்ட் பண்ணறப்ப சொரண்டுனீங்களா?"

"எத?"

"கோல. காப்பர் கம்பின்னா எனாமல சொரண்டிட்டுத்தான மீட்டரு வெப்பீங்க? சொரண்டாம வெச்சாக் கத்தாதுன்னு கடைல வேலைக்கு வர்ற எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவீங்கல்ல? இதுலயும் மேல பூச்சு இருக்குதுங்ப்பா. நீங்க பூச்சு மேல வெச்சுப் பாத்தீங்க."

இன்னாசிமுத்துவின் கையில் மெழுகுவர்த்தி அப்படியே நின்றது.

ஃபெமினா மேசைக்கு வந்தாள். கறுப்புக் கோலின் கைப்பிடித் துண்டை எடுத்தாள். அந்தோணியாரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள், நகம் இல்லை. பிளேடை எடுத்துக் கிளப்பினாள். பாலனும் பூவும் கிழிந்து சுருண்டு வந்தன. அடியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு மங்கி, சாம்பலாக, பென்சில் தேய்த்த காகிதம் போல இருந்தது.

"இந்த எடத்துல ஒரு ஒயரு வெய்யுங்ப்பா. இன்னொன்னு பூட்டுவாய்க்கு உள்ள. அங்க பூச்சு இருக்காது."

அவர் மீட்டரைத் திருகி வைத்தார். கரண்டு போக வழி இருந்தால் கீச்சிடுகிற மீட்டர். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கடையில் அது கத்தும். சிவப்பு ஊசியைச் சுரண்டின இடத்தில் வைத்தார். கறுப்பு ஊசியைப் பூட்டுவாய்க்குள் விட்டார்.

கீச்சென்று கத்தியது.

எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் கத்தியது. ஊசியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா புரண்டு, "என்னங்க சத்தம்?" என்றாள் தூக்கத்தில். அப்புறந்தான் கையை எடுத்தார்.

"இந்த எடம் எப்புடிச் சொரண்டியிருக்குது?"

ஃபெமினா சொன்னாள். மஞ்சள் ஸ்டிக்கர், மின்னல் படம், பிளேடு, பரீட்சைக் கேள்வி, போனில் பார்த்தது எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்து மூச்சுக்கூட விடாமல் சொன்னாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியுங்ப்பா."

"அந்த ஸ்டிக்கர நீ படிக்கவே இல்லியா?"

"இல்லீங்ப்பா. அழுக்கா இருந்துச்சு."

"நீ சொரண்டாம உட்டிருந்தா அவன் படிச்சிருப்பானா?"

"தெரியலீங்ப்பா."

"எனக்கும் தெரியல." மீட்டரைத் திருகி அணைத்தார். "நானும் அந்த மின்னலப் பாத்தேன் கண்ணு, வாங்குன அன்னைக்கே. என்ற கடைச் செவுத்துல, பேனல்ல, எங்க பாத்தாலும் அந்தப் படந்தான் இருக்குது. தூண்டில்ல எதுக்கு ஒட்டியிருக்கான்னு கேக்கத் தோணுல."

சாரல் தகரக் கூரையில் சீராக விழுந்துகொண்டிருந்தது. ஃபெமினா அழுவதற்குக் காத்திருந்தாள், அழுகை வரவில்லை. அவர் அடிப்பார் என்று நினைத்தாள். அதுவும் நடக்கவில்லை.

"சொரண்டாம வெச்சுப்போட்டனே," என்றார் இன்னாசிமுத்து. "மூணு தடவ வெச்சேன். மூணு தடவயும் சொரண்டாம வெச்சுப்போட்டேன். அத நம்பித்தான எழுதிக் குடுத்தேன்? ஒரு பொம்பளயப் புடிச்சு ஸ்டேசன்ல நிக்க வெச்சு, மண்ண வாரித் தூத்தி... ஏசுவே."

"நாஞ் சொல்லியிருக்கோணுங்ப்பா. பயந்துட்டேன்."

"போயிப் படு."

"தூக்கம் வராதுங்ப்பா."

"அப்ப உக்காரு."

உட்காருவதற்கு அந்த ஸ்டூல்தான் இருந்தது. உட்கார்ந்தாள். இரண்டு பேரும் விடிகிற வரைக்கும் எதிரெதிரே இருந்தார்கள். நாலு மணிக்கு ரூபன் வந்து ஹாரன் அடித்தபோது இன்னாசிமுத்து வெளியே போய், "இல்ல மாப்ள, நீ போ. எனக்கு வேற சோலி இருக்குது," என்றார். அம்மா எழுந்து வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, முதலில் காப்பி போட்டாள். என்னவென்று கேட்டபோது அப்பாதான் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஃபெமினாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள், அப்புறம் அதே இடத்தைத் தடவினாள்.

"அன்புக்கரசிகிட்ட நாந்தான் சொல்லோணும்," என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போகோணும். நீயும் வா கண்ணு."

பைக்கில் கிணத்துக்கடவு தாண்டிப் போனார்கள். இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதைக்குள் திரும்பியதும் குட்டை தெரிந்தது. ஃபெமினா இதுவரை அதைப் பார்த்ததில்லை. அவள் கனவில் வருகிற குட்டை ரொம்பப் பெரியது. இது நான்கு எருமை இறங்கினால் நிரம்பிவிடும் போல இருந்தது. மேலே மூன்று கம்பிகள் தொய்ந்தபடி போயின. அவற்றுக்குக் கீழே மரமெல்லாம் வெட்டி, வெறும் புல்லாக, நிற்பதற்கு வசதியான இடம். இன்னாசிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

கருப்பாத்தாள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்; ஒடிசலான உடம்பு. இவர்களைக் கண்டதும் அரிவாளோடு எழுந்தாள். அடையாளம் தெரிந்ததும் முகம் வெளுத்தது.

"ஏனுங் தம்பி, மறுக்காவும் ஸ்டேசனுக்கு வரோணுங்களா? வாய்தா அடுத்த மாசந்தானுங்களே."

இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார்.

ஃபெமினா சொன்னாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி. சித்தப்பா கையிலிருந்த கோலில் கரண்டு பாயும் என்று. அது மேலே கம்பியில் பட்டுவிட்டது என்று. அதை எழுதியிருந்த காகிதத்தைச் சுரண்டிப் போட்டது தான்தான் என்று.

கருப்பாத்தாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ற ஒயரு?"

"உங்க ஒயரு இல்லீங் பெரீம்மா."

"ஒட்டுப் போட்ட எடம் தண்ணிக்குள்ள கெடந்துச்சே கண்ணு. மாத்தோணும் மாத்தோணும்னு நெனச்சு உட்டுப்போட்டனே."

"கெடந்துச்சுங். ஆனா அது இல்லீங். மேல கம்பிதானுங்."

"அன்னைக்கு மோட்டார நிறுத்துனனா இல்லியான்னு எனக்குத் தெரியவே இல்ல சாமி. எத்தன யோசிச்சாலும் தெரிய மாட்டேங்குது. ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி சுவிச்சத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். லைனையே புடுங்கிட்டுப் போயிட்டாங்க. அப்பவும் போறேன். அந்தத் தம்பி குட்டையோரமா வந்து நின்னுட்டு, அக்கா நிறுத்துனீங்களான்னு கேக்கறாப்புலயே இருக்குது."

இருபது கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு கூரைக்குக் கீழே, இன்னொருத்தியும் அதே ராத்திரிகளில் எழுந்து நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பின்னால் இன்னாசிமுத்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா," என்றார். "நா எழுதிக் குடுத்தத நானே போயித் திலும்ப வாங்கிப்போடறேனுங்க்கா. இன்னைக்கே போறேன்." கருப்பாத்தாளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு," என்றாள்.

ஃபெமினா இன்னொரு தடவை சொன்னாள், முதலிலிருந்து.

"நா இல்லியா?"

"நீங்க இல்லீங்."

"இன்னொருக்காச் சொல்லு."

மூன்றாவது தடவை பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கருப்பாத்தாள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.